வலி மாத்திரையை நிறுத்தினால் உடம்பு ஏன் இப்படி உதறுகிறது?

கடலூர் முதுநகரில் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பைக்கிலிருந்து விழுந்து இடுப்பில் அடி. ஆபரேஷன் முடிந்து ஐந்தாறு மாதமாக டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிட்டு வருகிறார். வலி பெரும்பாலும் போய்விட்டது. ‘இனிமேல் எதற்கு மாத்திரை’ என்று ஒரு நாள் காலையில் தானாகவே நிறுத்திவிடுகிறார். அன்று ராத்திரியே கொட்டாவி மேல் கொட்டாவி. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். மறுநாள் வியர்த்துக் கொட்டுகிறது, அடுத்த நிமிடமே குளிருகிறது, கை கால் குடைகிறது, வயிற்றைக் கலக்குகிறது. வைரல் ஜுரம் என்று நினைத்துப் பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்கிறார். குறையவில்லை. இடுப்பு வலியும் திரும்பி வந்த மாதிரி இருக்கவே, பழைய மாத்திரையில் ஒன்றைப் போடுகிறார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. ‘அப்போ எனக்கு இன்னும் குணமாகவில்லை, இந்த மாத்திரை இல்லாமல் முடியாது’ என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்.

அவருக்கு வந்தது ஜுரம் இல்லை. பழைய அடியும் திரும்பி வரவில்லை. ஓபியாய்டு வகை மருந்தை, அதாவது அபின் குடும்பத்து வலி மருந்தை, சட்டென்று நிறுத்தியதால் உடம்பு காட்டிய எதிர்வினை அது. மருத்துவர்கள் இதை விலகல் அறிகுறிகள் என்கிறார்கள். இது என்ன என்று தெரியாததாலேயே பலர் நிறுத்த முடியாமல் வருடக்கணக்கில் அதே மாத்திரையில் மாட்டிக்கொள்கிறார்கள். தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

முதலில் உங்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

எல்லா வலி மாத்திரையும் இந்த வகை இல்லை. பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் ஆகியவை ஓபியாய்டு கிடையாது. அவற்றுக்கு வேறு பக்கவிளைவுகள் உண்டு, ஆனால் நிறுத்தினால் உடம்பு இப்படி உதறாது. நாம் பேசுவது டிரமடால், டாபென்டடால், கோடீன், மார்ஃபின், தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை, புப்ரினார்பின் போன்றவை. நம் பக்கத்தில் சாதாரணமாக எழுதிக் கொடுக்கப்படுவது டிரமடால்தான். அது பெரும்பாலும் தனியாக வருவதில்லை. 37.5 மில்லிகிராம் டிரமடாலும் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை மிகப் பரவலானது. அட்டையின் முன்னால் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். உள்ளே என்ன மருந்து என்பது சின்ன எழுத்தில் இருக்கும். படிக்க முடியவில்லை என்றால் மருந்துக் கடைக்காரரிடம் “இதில் டிரமடால் இருக்கா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

2018 ஏப்ரலில் டிரமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. சீட்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது. அதற்காக டாக்டர் சீட்டோடு அதைச் சாப்பிடுபவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ‘போதை’ என்ற சொல்லைக் கேட்டதுமே ஆஸ்பத்திரிக்குப் போகவே தயங்குகிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

வலியைத் தணிக்க நம் மூளையே எண்டார்ஃபின் போன்ற பொருட்களைச் சுரக்கிறது. அவை போய் ஒட்டிக்கொள்ள நரம்பு செல்களில் ஏற்பிகள் இருக்கின்றன. ஓபியாய்டு மருந்தும் அதே ஏற்பிகளில்தான் ஒட்டுகிறது, ஆனால் இன்னும் அழுத்தமாக. வலி குறைகிறது, மனம் லேசாகிறது. கூடவே குடல் மந்தமாகிறது, கண்மணி சுருங்குகிறது, மூச்சின் வேகம் தணிகிறது.

இப்படி வாரக்கணக்கில் தினமும் நடந்தால் உடம்பு சும்மா இருக்காது. மருந்து ஒரு பக்கம் இழுக்க, சமநிலை கெடாமலிருக்க உடம்பு எதிர்ப்பக்கம் இழுக்கத் தொடங்கும். பொங்கல் விளையாட்டில் கயிறு இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு அணியும் சம பலத்தில் இழுக்கும்போது கயிறு அசையாமல் நிற்கும். ஒரு அணி திடீரென்று கயிற்றை விட்டுவிட்டால் எதிர் அணி மொத்தமாக மல்லாக்க விழும். கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் யாரும் விழ மாட்டார்கள்.

மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்த உடம்பு அப்படித்தான் விழுகிறது. உடம்பை உசுப்பிவிடும் நோரட்ரினலின் என்ற பொருளைச் சுரக்கும் ஒரு பகுதி மூளைத்தண்டில் இருக்கிறது; அதை மருந்து அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்தது. அந்த அடக்கம் போனதும் அது கட்டுக்கடங்காமல் வேலை செய்கிறது. படபடப்பு, வியர்வை, புல்லரிப்பு, தூக்கமின்மை, ஏறும் ரத்த அழுத்தம் எல்லாம் பெரும்பாலும் அதனால் வருபவை. அறிகுறிகளைக் கவனித்தால் ஒன்று புரியும்: ஒவ்வொன்றும் மருந்து செய்ததன் தலைகீழ். மருந்து மலச்சிக்கல் தந்தது, இப்போது பேதி. மருந்து கண்மணியைச் சுருக்கியது, இப்போது விரிகிறது. மருந்து வலியைக் குறைத்தது, இப்போது பழைய வலி மட்டுமல்ல, ஆறிப்போன இடமெல்லாம் வலிக்கிறது. இந்த வலி ‘நோய் திரும்பிவிட்டது’ என்பதற்குச் சாட்சி இல்லை. சில நாட்களில், சில சமயம் சில வாரங்களில், இது தணியும். அதற்குப் பிறகும் நிற்கும் வலிதான் உண்மையில் மிச்சமிருக்கும் வலி.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உடம்பு மருந்துக்குப் பழகிப்போவது வேறு, அடிமையாவது வேறு. டாக்டர் சொன்னபடியே சாப்பிட்டவருக்கும் சில வாரங்களில் உடம்பு பழகிவிடும். நிறுத்தினால் விலகல் அறிகுறி வரும். கேடு என்று தெரிந்தும் விட முடியாமல், சொன்ன அளவைத் தாண்டி, கடை கடையாகத் தேடிப் போய், வீடு வேலை எல்லாவற்றையும் விட மாத்திரையே முக்கியமாகிப் போவதுதான் அடிமைநிலை. அதுவும் ஒரு நோய்தான், சிகிச்சை உண்டு. ஆனால் மாத்திரையை நிறுத்தியதும் உடம்பு நடுங்கியது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை அடிமை என்று வீட்டார் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் அடுத்த தடவை மறைத்துச் சாப்பிடுவார்.

எத்தனை நாள்?

டிரமடால், கோடீன் போன்று சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் வெளியேறும் மருந்துகளில், கடைசி மாத்திரைக்குப் பிறகு 8 முதல் 24 மணி நேரத்தில் அறிகுறிகள் ஆரம்பிக்கும். இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். பெரும்பாலும் 5 முதல் 10 நாளில் உடம்புத் தொல்லைகள் அடங்கிவிடும். மெதுவாக வெளியேறும் மருந்து என்றால் தாமதமாக ஆரம்பித்து இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும். தூக்கம்தான் கடைசியாகத் திரும்பும். மனச்சோர்வு, எதிலும் பிடிப்பில்லாமை, திடீரென்று மாத்திரை மேல் வரும் ஏக்கம் ஆகியவை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் வந்து வந்து போகும்.

டிரமடாலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அது ஓபியாய்டு ஏற்பிகளில் மட்டும் வேலை செய்வதில்லை. சில மனச்சோர்வு மருந்துகளைப் போல செரட்டோனின், நோரட்ரினலின் என்ற மூளை வேதிப்பொருட்களின் அளவையும் மாற்றுகிறது. அதனால் அதைத் திடீரென்று விடும்போது சிலருக்குக் கடுமையான பீதி, குழப்பம், கை கால்களில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, அபூர்வமாக இல்லாதது தெரிவது, கேட்பது எல்லாம் வரலாம். வீட்டில் இருப்பவர்கள் பேய் பிடித்துவிட்டது, புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்துவிடுவார்கள். மாத்திரையின் பெயரைச் சொல்லி உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அளவுக்கு மேல் டிரமடால் சாப்பிட்டால் வலிப்பும் வரும். வலி தாங்கவில்லை என்று நாமே ஒன்றுக்கு மூன்றாகப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்கு அதுவே போதும்.

ஒரே நாளில் விடாதீர்கள்

வைராக்கியமாக ஒரே நாளில் விட்டுவிடுவதை நம் ஊரில் வீரமாகப் பார்ப்பார்கள். இந்த விஷயத்தில் அது தேவையில்லாத சித்திரவதை, சில சமயம் ஆபத்தும்கூட. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 ஏப்ரலில் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பழகிப்போன ஓபியாய்டைத் திடீரென்று நிறுத்தினால் கடும் விலகல் அறிகுறி, அடக்க முடியாத வலி, தற்கொலை எண்ணம் வரை போகலாம் என்றது.

எப்படிக் குறைப்பது? சில வாரங்களோ சில மாதங்களோ சாப்பிட்டவர்களுக்கு வாரத்துக்குச் சுமார் 10 சதவீதம், ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு மாதத்துக்குச் சுமார் 10 சதவீதம் அல்லது அதைவிட மெதுவாக என்பது மருத்துவர்கள் பின்பற்றும் பொதுவான அளவுகோல். உதாரணமாக ஒருவர் நாளுக்கு 50 மில்லிகிராம் காப்ஸ்யூல் நான்கு, அதாவது 200 மில்லிகிராம் சாப்பிடுகிறார். பத்து சதவீதம் என்றால் 20 மில்லிகிராம். காப்ஸ்யூலை அப்படிப் பிட்டுப் போட முடியாது. ஒரு வேளையை அப்படியே விட்டால் ஒரே அடியாகக் கால்வாசி குறைந்துவிடும். சிலருக்குத் தாங்கும், சிலருக்குத் தாங்காது. எந்த வடிவத்தில், எந்த அளவு மாத்திரைக்கு மாற்றிக் குறைப்பது என்பதை டாக்டர்தான் கணக்குப் போட வேண்டும். அட்டையில் எஸ்.ஆர். அல்லது ஈ.ஆர். என்று இருந்தால் அது மெதுவாகக் கரையும் மாத்திரை. அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. நாள் முழுக்கப் பிரிந்து சேர வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் ரத்தத்தில் கலந்துவிடும்.

கடைசிப் படிகள்தான் கஷ்டமானவை. 200-லிருந்து 150-க்கு வருவது கால்வாசிக் குறைப்பு. 50-லிருந்து ஒன்றுமில்லாமல் போவது முழுசும் குறைப்பு. ‘இவ்வளவு தூரம் வந்துட்டோம், இது ஒண்ணுதானே’ என்று அங்கே அவசரப்பட்டுச் சறுக்குபவர்கள் உண்டு. ஒரு படியில் தாங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி அதே அளவில் கூடுதலாக ஒரு வாரம் இரண்டு வாரம் நிற்கலாம். அது தோல்வி இல்லை. மீண்டும் மேலே ஏறாமல் நின்றாலே நல்லது.

எப்போது ஆரம்பிப்பது என்பதும் முக்கியம். என்னைக் கேட்டால் நம் கரையோரத்தில் ஐப்பசி முதல் மார்கழி வரை தவிர்க்கலாம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் என்று கடலூரும் புதுச்சேரியும் பட்டது நமக்குத் தெரியும். சாலை துண்டிக்கப்பட்டு, கடை திறக்காமல், கையில் மாத்திரை தீர்ந்துபோனால் திட்டமே இல்லாமல் திடீர் நிறுத்தம் ஆகிவிடும். மழைக்காலத்தில் குறைத்துக்கொண்டிருப்பவர்கள், டாக்டரிடம் சொல்லி ஒரு வாரத்துக்கான மாத்திரையாவது முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

யார் சொந்தமாக முயலவே கூடாது என்றால், முதலில் கர்ப்பிணிகள். திடீர் நிறுத்தம் கருவைப் பாதிக்கும். கருச்சிதைவோ குறைப்பிரசவமோ ஆகலாம். இதய நோயாளிகள், வயதானவர்கள், வலிப்பு உள்ளவர்கள், முன்பு தற்கொலை எண்ணம் வந்தவர்கள் ஆகியோரும்தான். அல்பிராசோலம், குளோனசெபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளையும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள் இரண்டையும் ஒன்றாக விட்டால் வலிப்பு வரலாம். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் சாப்பிடுபவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அதை நிறுத்த வேண்டாம். அவர்களுக்கு அது தேவையான மருந்து.

அந்தச் சில நாட்களைக் கடப்பது

மெதுவாகக் குறைத்தாலும் கொஞ்சம் தொல்லை இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் முதல் கவலை தண்ணீர்ச்சத்து. வியர்வை, பேதி, வாந்தி மூன்றும் சேர்ந்தால் உடம்பு சீக்கிரம் வற்றிவிடும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி, அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. நீர்மோர், கஞ்சித் தண்ணீர், இளநீர் எல்லாம் நல்லவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இளநீரைத் தவிர்க்க வேண்டும். முதல் நாட்களில் பசி இருக்காது. உப்புப் போட்ட நொய்க்கஞ்சி, இட்லி, ரசம் சாதம் என்று வயிற்றில் தங்குவதைக் கொடுத்தால் போதும். மீன் குழம்பு நாலு நாள் காத்திருக்கட்டும்.

கால் குடைச்சலுக்கு வெந்நீர்க் குளியல், ஆடுசதையை நன்றாகப் பிடித்துவிடுவது, கொஞ்சம் நடப்பது. படுத்தால்தான் குடைச்சல் அதிகமாகும், அதனால் ராத்திரி எழுந்து வீட்டுக்குள்ளேயே நடப்பதில் தப்பில்லை. மாலை வெயில் தாழ்ந்ததும் வெள்ளிக் கடற்கரையிலோ, வண்டி விடாத நேரத்தில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலோ துணைக்கு ஒருவரோடு மெல்ல நடந்தால் உடம்பின் சொந்த எண்டார்ஃபின் சுரக்கவும் உதவும், தூக்கமும் கொஞ்சம் கிட்டும். மதியத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம்.

ஏக்கம் வரும்போது அது நாள் முழுக்க அப்படியே நிற்கும் என்று தோன்றும். நிற்காது. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் வந்து ஏறி இறங்கிவிடும். அந்த நேரத்தில் தனியாக இருக்காமல் யாருக்காவது போன் போடுவது, குளிக்கப் போவது, தெருவில் இறங்கி நிற்பது என்று எதையாவது செய்து கடத்த வேண்டும்.

மருந்துகளும் இருக்கின்றன, டாக்டர் கையால். குளோனிடின் என்ற ரத்த அழுத்த மருந்து அந்த நோரட்ரினலின் கொந்தளிப்பைத் தணிக்கும். ஆனால் அழுத்தத்தை அதிகமாக இறக்கி மயங்கி விழ வைக்கலாம் என்பதால் அளந்து கொடுப்பார்கள். வயிற்று வலிக்கும் வாந்திக்கும் தனித்தனி மருந்துண்டு. பேதிக்கு லோபரமைடு கொடுப்பார்கள். சொன்ன அளவைத் தாண்டினால் இதயத் துடிப்பையே குலைக்கும். சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் எடுக்கலாம், ஆனால் உங்கள் டிரமடால் மாத்திரையிலேயே பாராசிட்டமால் இருந்தால் இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். மீறினால் கல்லீரல் கெடும்.

அடிமைநிலை வரை போனவர்களுக்கு நாக்கடியில் வைக்கும் புப்ரினார்பின் நல்ல பலன் தருகிறது. ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது விலகல் அறிகுறியையும் ஏக்கத்தையும் அடக்கி, ஆளை வேலைக்குப் போக வைக்கும் சிகிச்சை. சர்க்கரை நோயாளி தொடர்ந்து மருந்து எடுப்பதை யாரும் குறை சொல்வதில்லை.

நம் பகுதிக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது சாராயம் பற்றி. மாத்திரை இல்லாத ராத்திரியைக் கடக்கப் புதுச்சேரி எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டுப் படுப்பது சுலபமாகத் தெரியும். குறைத்துக்கொண்டிருக்கும் மாத்திரையோடு மது சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடலாம். குடியை நிறுத்தச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு நால்ட்ரெக்சோன் என்ற மாத்திரை தருவது உண்டு. உடம்பில் ஓபியாய்டு இருக்கும்போது அதைப் போட்டால் விலகல் அறிகுறி மொத்தமும் சில நிமிடங்களில் பேய் மாதிரி வந்து இறங்கும். குடிக்காகப் பார்க்கும் டாக்டரிடம் வலி மாத்திரை பற்றியும் கட்டாயம் சொல்லுங்கள். அதே மாதிரி, கடலூரில் ஒரு டாக்டர், புதுச்சேரியில் ஒரு டாக்டர் என்று இரண்டு சீட்டு வைத்திருந்தால் இரண்டையும் ஒரே மேஜையில் காட்டுங்கள்.

எங்கே போவது, வீட்டில் என்ன செய்வது

முதலில் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போங்கள். “இதைக் குறைக்கணும், நிறுத்தினா உடம்பு உதறுது” என்று சொன்னாலே அவருக்குப் புரியும். அதற்கு மேல் தேவைப்பட்டால் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மனநல மருத்துவத் துறை, கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவை இருக்கின்றன. ஓபி சீட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மாத்திரை அட்டைகளையும் பழைய சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். வாய் திறந்து கேட்கக் கூச்சமாக இருந்தால் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணும் இலவசம். தமிழிலேயே பேசலாம். அடித்து, கட்டிப்போட்டு ‘திருத்தும்’ இல்லங்களுக்கு யாரையும் அனுப்பாதீர்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி சங்கிலியால் கட்டுவது குற்றம்; பதிவு பெற்ற இடமா என்று கேட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

வீட்டில் ஒருவர் மாத்திரையைப் பொறுப்பில் வைத்து, டாக்டர் சொன்ன கணக்குப்படி அன்றன்றைக்கு எடுத்துத் தருவது நன்றாக வேலை செய்யும். ஆனால் அது அவரே ஒப்புக்கொண்ட ஏற்பாடாக இருக்க வேண்டும். பிடுங்கி ஒளித்து வைப்பது சண்டையில்தான் முடியும்.

ஆஸ்பத்திரிக்கு உடனே ஓட வேண்டிய நேரங்களும் உண்டு: குடித்தது எதுவும் வயிற்றில் தங்காமல், எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகாமல் இருந்தால், வலிப்பு, நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு வந்தால், ‘செத்துப்போயிடலாம்’ என்று ஒரு தடவை சொன்னால்கூட.

கடைசியாகச் சொல்வதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. சில வாரம் மாத்திரை இல்லாமல் இருந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். முன்பு சாதாரணமாக விழுங்கிய அதே அளவு மாத்திரை இப்போது மூச்சை நிறுத்திவிடலாம். வலி திரும்பி வந்து பழைய டப்பாவைத் திறப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. எழுப்பினால் எழாமல், மூச்சு மெதுவாகி, குறட்டை போல இழுத்து, உதடு நீலமாகி, கண்மணி கடுகாகச் சுருங்கியிருந்தால் 108-ஐ அழையுங்கள். ஆள் வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அதை முறிக்க நலாக்சோன் என்ற ஊசி மருந்து இருக்கிறது, ஆனால் நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். அதனால் நிறுத்தி முடித்ததும் மிச்சமிருக்கும் மாத்திரைகளை ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று பீரோவில் வைக்காதீர்கள். அட்டையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய டீத்தூளோடோ மண்ணோடோ கலந்து, கவரில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். ஃபென்டனில் பட்டை என்றால் ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்துவிட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்துங்கள்.